இரண்டு கார்கள்

குடும்பச் சீட்டு என்றால்
பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர் வரை.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
பேனாவால் எங்களை எண்ணினாள்.
நானும் கோர்மக்கும், எங்களுடைய மூன்று.
டெர்வ்லாவும் ஃபின்பாரும், அவர்களுடைய இரண்டு.
"இவர்?"
என் கொழுந்தன் டோனக்
தன் எட்டு யூரோவைத் தானே நீட்டினான்,
எல்லாம் சில்லறையாக.

மழை என்று அதைச் சொல்ல முடியாது.
முட்டை சாண்ட்விச்சை மட்டும் குறிபார்த்து
எதுவோ விழுந்துகொண்டிருந்தது.
காரின் பின்கதவைத் தூக்கி அதன் அடியில் நின்று தின்றோம்.
வருஷா வருஷம் இப்படித்தான், ஆகஸ்டில்,
ஏதாவதொரு இடிந்த கோட்டை.

வழிகாட்டிப் பையனுக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை.
படிக்கட்டு ஏன் வலப்பக்கம் சுழல்கிறது என்றான்:
கீழிருந்து ஏறி வருபவனின் வாள்கை
சுவரில் இடிக்க வேண்டுமாம்.
"இடக்கைக்காரி ஏறினால்?" என்றாள் க்ளோடா.
பையன் முதல்முறையாக விழித்துக்கொண்டான்.
"அவளைத் தடுக்க முடியாது."
அவ்வளவுதான்,
மூன்றாம் மாடிக்குள் அவள் எங்கள் அத்தனை பேரையும்
வெட்டிச் சாய்த்துவிட்டாள்.
எதிரியை இடறவைக்க
ஒரு படி மட்டும் உயரம் கூட்டிக் கட்டியிருந்தார்கள்.
ஐந்நூறு வருஷம் கழித்தும் வேலை செய்கிறது:
ஃபின்பாரின் முழங்கால்.

கழிப்பறை என்பது சுவருக்குள் ஒரு மாடம்,
கல்லில் ஒரு துளை, கீழே அகழி.
பிரபுக்கள் தங்கள் அங்கிகளை இங்கேதான் மாட்டுவார்களாம்,
அந்த நாற்றத்துக்குப் பூச்சி அண்டாதாம்.
பிள்ளைகள் சிரித்து மாளவில்லை.
டோனக் மட்டும் துளைக்குள் பார்த்தபடி நின்றான்.
"அட்ராக்டாவின் கோட்டு அலமாரியில் அப்படியே தொங்குது," என்றான்.
"ஒரு பூச்சிகூட அரிக்கலை."
நான் எதையாவது சொல்லியிருக்கலாம்.
"வாசல் தாழ்வு, தலை பத்திரம்" என்றேன்.

உச்சியில் காற்று.
காக்கைக்குத் தம்பி போலொரு பறவைக் கூட்டம்,
பச்சை வயல்கள், ஒரு சாம்பல் ஆறு,
நெடுஞ்சாலையில் ஓசையில்லாமல் ஊரும் லாரிகள்.
க்ளோடா நடுங்கினாள். டோனக் தன் கோட்டைக் கழற்றி
அவளுக்குப் போட்டுவிட்டான்.
எல்லாரும் நில்லுங்கள் என்று
படமும் அவனே எடுத்தான்.

ஐந்து மணிக்கு மணியடித்து விரட்டினார்கள்.
ஃபியாக்ரா அந்தக் காருக்குத் தாவினான்,
அங்கேதான் ரேடியோவில் ஆட்டம் கேட்கும் என்று.
எங்கள் காரில் ஓர் இடம் காலியானது.
ஈரக் கோட்டுகளை அதில் குவித்தேன்.

முப்பது கிலோமீட்டர் தாண்டி, பெட்ரோல் பங்கில்,
வறுவல் பொட்டலத்தோடு க்ளோடா கேட்டாள்:
"சித்தப்பாவுக்கு வாங்கலையா?"
நான் டெர்வ்லாவைப் பார்த்தேன்.
டெர்வ்லா என்னைப் பார்த்தாள்.
கோர்மக் தம்பியை அழைத்தான்.
கோட்டுக் குவியலுக்குள் மணி அடித்தது.

எத்தனையோ ஆகஸ்டுகளாக
ஜோடி ஜோடியாகவே எண்ணிப் பழகியிருந்தோம்.
மூன்று ஜோடி, மற்றதெல்லாம் பிள்ளைகள்.
போன நவம்பரில் அவளைக் கழித்தபோது
கூடவே அவனையும் கழித்திருக்கிறோம்,
யாருக்கும் தெரியாமல், எங்களுக்கும்.

திரும்பிப் போகும்போது ஆட்டத்தை அணைத்துவிட்டோம்.

பூட்டிய கேட்டுக்கு வெளியே, மதில்மேல்,
வழிகாட்டிப் பையனின் மஞ்சள் மேல்சட்டை
தோளில் இறுக, உட்கார்ந்திருந்தான்.
பக்கத்தில் பையன், அரைக்கை பனியனில், சிகரெட்டோடு.
ரொட்டி ஓரங்களைப் பிய்த்துப்
பறவைகளுக்கு எறிந்துகொண்டிருந்தார்கள்.
"வருவீங்கன்னு தெரியும்," என்றான் டோனக்.
"டப்பா என்கிட்டதானே இருக்கு."

கோர்மக் இறங்கினான், எஞ்சினை அணைக்காமலே.
தம்பியிடம் எதுவும் பேசவில்லை.
டப்பாவை வாங்கிக்கொண்டு
முன்கதவைத் திறந்து பிடித்தான்.
நான் பின்னால் போனேன்,
கோட்டுகளை மடியில் அள்ளி,
இடக்கை வீராங்கனையின் முழங்கை
விலாவில் குத்தக் குத்த.